பந்து கையில் இல்லாத 36 நிமிடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் நடந்த பள்ளிக் கூடைப்பந்து ஆட்டங்களைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த செய்தி, புதுமுக வீராங்கனைகளை அவர்கள் எடுத்த புள்ளிகளையும் உயரத்தையும் மட்டும் வைத்து எடைபோட்டிருந்தது. எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆயினும் முப்பது ஆண்டுகள் விசில் ஊதியவன் என்ற முறையில், அந்த எடைக்கல் சரியில்லை என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விதிப்படி முழு ஆட்டம் 40 நிமிடம், களத்தில் 10 பேர், பந்து ஒன்று. அது ஒரு நொடிகூட யார் கையிலும் இல்லாமல் போகவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஒருவர் பங்குக்குச் சராசரியாக வருவது 4 நிமிடம்தான். மீதி 36 நிமிடத்தில் அவர் எங்கே நிற்கிறார், எதைப் பார்க்கிறார் என்பதை விட்டுவிட்டு ஒரு புதுமுகத்தை எப்படி மதிப்பிடுவது?

அந்த ஆட்டங்களை நானும் வேலியோரம் நின்று பார்த்தேன். 4 புள்ளிகள் மட்டுமே எடுத்த ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பந்து தன்னிடம் வந்து சேருமுன்பே தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டாள். எதிரணித் தடுப்பாளர் கூடைப்பக்கம் உதவிக்கு ஓரடி நகர்ந்ததுமே, அவர் விட்டுவந்த மூலைக்குப் பந்து போய்விட்டது. மூலையில் நின்ற தோழி குறி தவறியதால் அது அசிஸ்ட் (தோழி கூடை போட வழிசெய்த எறிதல்) கணக்கிலும் ஏறவில்லை. இன்னொரு முறை, தோழி கூடையை நோக்கி வெட்டி ஓடுவாள் என்று எண்ணி எறிந்தாள். தோழி நின்ற இடத்திலேயே நிற்கப் பந்து கோட்டுக்கு வெளியே போயிற்று. தேர்வாளர் ஒருவர் குறிப்பேட்டில் ஒரு கோடு கிழித்தார். தடுப்பாளரைக் காணாமல் அவர் கையிலேயே பந்தைக் கொடுப்பதும், தோழி காணாத வழியைத் தான் கண்டு எறிவதும் தாளில் ஒரே டர்ன்ஓவர்தான், அதாவது பந்தை எதிரணிக்கு இழந்த கணக்குதான். முன்னது பார்வைக் குறை. பின்னதோ அணியினர் ஒருவரையொருவர் பழகிக்கொள்ளச் சில வாரங்கள் போதாமையால் வருவது. தேர்வுப் பட்டியலில் அவள் இல்லை.

“தூர எறிதல் பலவீனம்” என்ற தங்கள் நிருபரின் குறிப்பும் எனக்கு உடன்பாடில்லை. ஆடி மாதத்தில் கணவாய்க் காற்று எங்கள் திறந்தவெளி சிமென்ட் களத்தில் எப்படி வீசும் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். அம்மியே பறக்கும் காற்றில், ஆண்கள் ஆடுவதைவிட இலேசான 6ஆம் எண் பந்து, மூன்று புள்ளிக் கோட்டின் தூரமான 6.75 மீட்டர் தாண்டி நேராகப் போகுமா?

உயரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, 2.24 மீட்டர் உயரமுள்ள விக்டர் வெம்பன்யாமா 2023இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் புதுமுகத் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டு அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகமும் ஆனார். ஆனால் வேகமோ பெரிய தாவலோ இல்லாத நிகோலா யோகிச்சை 2014இல் 41ஆவதாகத்தான் எடுத்தார்கள். தோழர் வரப்போகும் இடத்தை முன்கூட்டியே காணும் அவருடைய கண், பின்னர் மூன்று முறை மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றுத்தந்த காரணங்களில் முதன்மையானது.

தடுப்பில் வாய் திறந்து பேசுகிறாளா, கூடையை நோக்கி எறிய அணிக்குக் கிடைக்கும் 24 நொடிக் கடிகாரத்தைக் கவனிக்கிறாளா என்பனவும் பார்க்கத்தக்கவை. தமிழ்வழிப் பிள்ளைகள் மலையாளத் தோழியரோடு ஆடுவதால் பேச்சு தடைப்படுகிறது என்பார்கள். இடதும் வலதும் இரு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதானே!

தங்கள் பக்கத்தில் இனிப் புள்ளிகளோடு அசிஸ்ட், பந்துப் பறிப்பு எண்ணிக்கையையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தேர்வாளர்களும் காற்று அடங்கிய பின் இன்னொரு நாள் வந்து, 10 நிமிடக் கால் பகுதி ஒன்று முழுவதும் பந்தின் பின்னே கண்ணை ஓட்டாமல், அந்த ஒரு பிள்ளையை மட்டும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.