ஜார்ஜ்டவுனின் ஐந்தடிப் பாதைகளைத் திறந்துவிடுங்கள்

மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ்டவுன் நகரின் தெருக்களையும் நடைபாதைகளையும் பராமரிக்கும் பொறுப்பிலுள்ளவர்களுக்கு,

வணக்கம்.

கீழே கடையும் மேலே வீடுமாக நிற்கும் கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட ஐந்தடிப் பாதைகளில் மனிதர்கள் தடையின்றிப் போய்வர வழிசெய்யுங்கள். இந்தக் கோரிக்கையோடு உங்களிடம் வரும் முதல் ஆள் நான் இல்லை என்பது தெரியும். பாதையை அடைத்து நிற்கும் மோட்டார் சைக்கிள்களும், கடைக்குக் கடை ஏறியிறங்கும் தரையும், குறுக்கே போட்ட இரும்புக் கதவுகளும் நீங்கள் அறியாதவை அல்ல. அதனால் சென்ற மாதம் என் மனைவிக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

அவர் பினாங்கில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா பசார் தெருவில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதினார். பக்கவாதம் வந்தபின் என் மனைவிக்குச் சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். பிறந்த ஊரை ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பார்க்க வேண்டும், கண்ட இடத்தில் நிறுத்தி நினைத்ததைச் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பிட் தெருவின் வடமுனையில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கி, குவான் யின் கோயில், குயின் தெருவில் 1833 முதல் நிற்கும் மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று தெற்கே வந்து, இரவுச் சாப்பாட்டைச் சூலியா தெருவின் தெருவோர உணவு அங்காடிகளில் முடிப்பதாகத் திட்டம். நடக்க முடிந்தவர்களுக்கு இவற்றின் இடையே உள்ள தூரம் ஒரு பொருட்டே இல்லை.

காலை நன்றாகவே போனது. ரொட்டி சானாயும் தே தாரேக்கும் சாப்பிட்ட கடையில், நாங்கள் கேட்பதற்கு முன்பே இரண்டு முக்காலிகளை எடுத்துவிட்டு இடம் செய்துகொடுத்தார்கள். செண்டோல் விற்ற இளைஞர் கிண்ணத்தைத் தெருவோரத்துக்கே கொண்டுவந்து என் மனைவியின் கையில் கொடுத்தார்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. பினாங்கு மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூரை போட்ட நடைபாதை எங்களிடமிருந்து இரண்டு கை நீளத்தில் இருந்தது. முதல் கடைவீட்டில் ஏற முடியாத உயரத்துக்குப் படி. அடுத்ததில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. மூன்றாவதில் ஒருவழியாக ஏறினோம். சிறிது தூரத்திலேயே தரை மறுபடியும் படியாக உயர்ந்தது. அதன்மேல் அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். நாற்காலியைத் திருப்ப அகலம் இல்லை. வந்த வழியே பின்னோக்கி இழுத்து, கால்வாய் விளிம்பைத் தாண்டி, மறுபடியும் சாலையில் இறக்கினேன். நிறுத்தியிருந்த கார்களுக்கும் ஓடும் வண்டிகளுக்கும் நடுவே அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். மடியில் இருந்த அப்பப் பொட்டலத்தை நனையாமல் காக்கக் குனிந்தபடியே அவர் முழுவதும் நனைந்தார்.

சிறுமியாக இருந்தபோது, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கொட்டும் மழையிலும் தலை நனையாமல் இதே பாதைகள் வழியாகத்தான் அவர் வீடு திரும்புவார். அப்படிப்பட்டவர் அன்று என்னிடம், "நான் எங்கேயாவது ஓரமாக இருக்கிறேன். நீங்கள் மட்டும் கோயிலைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். அவர் ஊரில், அவர் கும்பிட்டு வளர்ந்த மாரியம்மனை நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். அந்தச் சொல்லை இன்னமும் என்னால் விழுங்க முடியவில்லை.

வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடப்பதற்காகவே உண்டான பாதை இது. கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியான கூரையிட்ட வழி விட வேண்டும் என்பதை 1822இலேயே சிங்கப்பூர் நகரமைப்புக்கு ஆங்கிலேய நிர்வாகி ராஃபிள்ஸ் விதியாக்கினார். அந்த வழக்கம் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் பரவியது. தொடர்ச்சி என்பதுதான் அதன் உயிர். பத்துக் கடைகளில் ஒன்று அடைத்தாலும் சக்கர நாற்காலிக்காரருக்கு மற்ற ஒன்பதும் அடைபட்டவையே. பொது வழியை மறிப்பதைத் தடுக்க 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அதே 2008இல்தான் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. முதலாவதன் பெருமை தெருவெங்கும் பலகையாகத் தொங்குகிறது. இரண்டாவதன் அடையாளத்தை அன்று பிட் தெருவில் எங்களால் பார்க்க முடியவில்லை.

ஆர்மீனியன் தெருவில் 2012இல் தீட்டிய சைக்கிள் ஓவியத்தின் முன்னால் படம் எடுக்கப் பெருங்கூட்டம். அதில் எனக்கு வருத்தமில்லை, ஓவியம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் கையில் இருந்த சுற்றுலா வரைபடம் எந்தச் சுவரில் எந்த ஓவியம் என்று காட்டியதே தவிர, சக்கர நாற்காலி எந்த வழியாகப் போகலாம் என்று ஒரு கோடுகூடக் காட்டவில்லை. பழைய கதவுக்கும் கூரை ஓட்டுக்கும் கிடைக்கும் அக்கறை, அந்தக் கதவுகளுக்குள் வாழ்ந்து முதுமையடைந்தவர்களுக்கு ஏன் கிடைப்பதில்லை? கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணும் அன்று எங்களைப் போலவே சாலையில்தான் போய்க்கொண்டிருந்தார். அவரும் பாரம்பரியம் பார்க்க வந்தவர்தான்.

ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இந்த மடலைக் காரணம் காட்டி அங்காடி வியாபாரிகள் மேல் கை வைத்துவிடாதீர்கள். அன்று எங்களை வழிமறித்தது சட்டியும் அடுப்பும் அல்ல. இரவு சூலியா தெருவில், சார் குவே தியாவ் வறுத்துக்கொண்டிருந்த முதியவர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்து மேடேற்றினார். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த சாய்தளம் அவர்தான். அவர்கள் இல்லாவிட்டால் எங்களுக்கு அந்த ஊருக்கு வரக் காரணமும் பாதியாகக் குறைந்துவிடும். அகற்ற வேண்டியவை நிறுத்திவைத்த வண்டிகள், அடுக்கிவைத்த சரக்குகள், பூட்டிய கதவுகள்.

எல்லாத் தெருக்களையும் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது என்பதை அறிவேன். கடைவீடுகள் பழையவை, தரைமட்டம் வெவ்வேறு, உரிமையாளர்கள் பலர். ஆகவே ஒரே ஒரு தெருவிலிருந்து தொடங்குங்கள். தேவாலயத்திலிருந்து பள்ளிவாசல் வரை, சாலையின் ஒரு பக்கத்தில் மட்டுமாவது ஐந்தடிப் பாதையைத் திறந்துவிடுங்கள். படிகள் உள்ள இடங்களில் சாய்தளம் போடுங்கள். மோட்டார் சைக்கிள்களுக்கு வேறு இடம் ஒதுக்குங்கள். வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதை அந்தத் தெருவிலேயே எழுதி வையுங்கள். இயன்றால் வேலை தொடங்கும் முன், சக்கர நாற்காலியில் வாழும் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு அந்தப் பாதையை ஒருமுறை பாருங்கள். என் மனைவி வரச் சம்மதித்திருக்கிறார்.

பணிவுடன்,
அவருடைய நாற்காலியைத் தள்ளி வந்த கணவர்