சார்ஜர் பழுதுக்கு டயர் எப்படிக் காரணமாகும்?

பொள்ளாச்சி,
08.09.2025

பெறுநர்:
தலைமை அதிகாரி, வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மின்சாரக் காரின் ஆன்போர்டு சார்ஜருக்கு வாரண்டி மறுக்கப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2022 டிசம்பரில் உங்கள் கோவை ஷோரூமில் மின்சாரக் கார் வாங்கியவள் நான். பொள்ளாச்சியிலிருந்து கோவையில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் போக வர ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. இரண்டே முக்கால் வருடத்தில் 56,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டேன். காரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளியில் என்னைப் பார்த்து இரண்டு ஆசிரியைகள் இதே காரை வாங்கியிருக்கிறார்கள். அதனால்தான், கடந்த மாதம் உங்கள் ஒர்க்‌ஷாப்பில் நடந்தது எனக்கு இவ்வளவு வருத்தமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 18ஆம் தேதி இரவு வழக்கம்போல வீட்டில் சார்ஜில் போட்டேன். காலையில் பார்த்தால் 31 சதவீதத்திலேயே நின்றிருந்தது, திரையில் சார்ஜிங் கோளாறு என்று எச்சரிக்கை. எலெக்ட்ரீஷியனை வரவழைத்து லைன், எர்த் இரண்டையும் பார்க்கச் சொன்னேன், சரியாக இருந்தன. பக்கத்துத் தெருவில் இதே கார் வைத்திருப்பவரின் வண்டியை என் வீட்டு சார்ஜரில் போட்டுப் பார்த்தோம், உடனே ஏறியது. என் காரைக் கிணத்துக்கடவு பக்கம் உள்ள ஃபாஸ்ட் சார்ஜருக்குக் கொண்டுபோனேன், அங்கேயும் தடையில்லாமல் ஏறியது. ஃபாஸ்ட் சார்ஜர் நேரடியாக டிசி என்ற நேர்மின்சாரத்தை பேட்டரிக்குக் கொடுக்கிறது. வீட்டுக்கு வரும் ஏசி என்ற மாறுமின்சாரத்தை டிசியாக மாற்றுவது காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். கெட்டது அதுதான் என்பது எனக்கே புரிந்தது. ஆகஸ்ட் 21 அன்று உங்கள் ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தவரும் அதையேதான் சொன்னார். மூன்று வருட வாரண்டி முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் சர்வீஸ் அட்வைசர் வந்தார். செல்போன் டார்ச்சை அடித்து, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, டயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பதைப் படித்தார். எழுந்து, "மேடம், சைஸ் சரிதானுங்க, ஆனா இது கம்பெனி அப்ரூவ் பண்ணாத டயருங்க. வாரண்டி வராதுங்க" என்றார். சார்ஜருக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "சிஸ்டத்துல அப்படித்தானுங்க போட முடியும்" என்றார். ஜாப் கார்டில் 'நிறுவனம் ஏற்காத டயர் பொருத்தப்பட்டுள்ளது, வாரண்டி நிராகரிக்கப்பட்டது' என்று ஒரே வரி. சார்ஜர் மாற்ற 96,400 ரூபாய்க்கு மதிப்பீடு. பழுது பார்த்ததற்கு 1,770 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்கள்.

அந்த டயர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எதையும் மறைத்து மாட்டவில்லை. 2024 அக்டோபரில் 38,400 கிலோமீட்டரில், காரோடு வந்த டயர்களின் பள்ளத்தில் இருக்கும் தேய்மான அடையாள மேட்டை ரப்பர் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது. அந்த மேடு 1.6 மில்லிமீட்டர் உயரம், அதற்குக் கீழே தேய்ந்த டயரோடு சாலையில் போகக் கூடாது. மின்சாரக் காருக்கு எடை அதிகம், மிதித்த உடனே முழு இழுவையும் சக்கரத்துக்கு வந்துவிடுகிறது, டயர் சீக்கிரம் தேய்வது இயல்புதான். முதலில் உங்கள் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போன் செய்தேன். ஸ்டாக் இல்லை, ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. வழுக்கும் டயரோடு தினமும் எண்பது கிலோமீட்டர் ஓட்ட முடியுமா? மாற்றாக எந்த டயர் போடலாம் என்று அப்போதே கேட்டேன். அப்படி ஒரு பட்டியல் தங்களிடம் இல்லை என்பதுதான் பதில்.

ஆகவே கையேட்டை எடுத்துப் படித்தேன். அதே அளவு இருக்க வேண்டும், சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் குறையக் கூடாது. அவ்வளவுதான் அதில் எழுதியிருக்கிறது. காரோடு வந்தது 215/60 ஆர்16 95ஹெச். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். நான் மாட்டியது அதே அளவில் 99ஹெச், எக்ஸ்எல் என்ற கூடுதல் சுமை வகை, 775 கிலோ தாங்கும். வேகக் குறியீடு இரண்டிலும் ஹெச், மணிக்கு 210 கிலோமீட்டர். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறது. தயாரிப்புத் தேதி 1824, அதாவது 2024இன் 18ஆவது வாரம், கடையில் தூங்கிக் கிடந்த பழைய சரக்கு அல்ல. நான்கும் ஒரே வகை, ஒரே நாளில் மாட்டியவை. காற்று கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன அளவுதான். கடைக்காரர் விலை குறைவான 91ஐக் காட்டினார். அது 615 கிலோதான் தாங்கும், இந்தக் காருக்கு ஆகாது என்று நானே மறுத்துவிட்டேன்.

இவற்றில் எது தவறு என்று உங்கள் பொறியாளர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறேன். சில ஐரோப்பிய நிறுவனங்கள் தாங்கள் ஏற்ற டயரில் அடையாளம் பொறிக்கச் சொல்கின்றன. பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ. வாங்குபவர் அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். காரோடு நீங்கள் கொடுத்த டயரில் அப்படி எதுவும் இல்லை, கையேட்டிலும் பெயர் இல்லை. எங்கேயும் எழுதப்படாத ஒரு பட்டியலை மீறிவிட்டேன் என்று என்னிடம் சொல்கிறார்கள்.

டயர் மாற்றினால் எதுவும் மாறாது என்று நான் வாதாட வரவில்லை. மாற்றிய பிறகு ஒரு சார்ஜுக்கு ஓடும் தூரம் பதினைந்து கிலோமீட்டர் போலக் குறைந்தது. உருளும்போது ஏற்படும் உராய்வு இந்த டயரில் கொஞ்சம் அதிகமாக இருக்கலாம். தேய்ந்த டயரைவிடப் புது டயருக்கு அது அதிகமாகத்தான் இருக்கும். தார்ச் சாலையில் சத்தமும் ஒரு சுற்றுக் கூடியிருக்கிறது. அதெல்லாம் என் தேர்வின் விளைவு, அதற்காக உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாளைக்கு வீல் பேரிங்கிலோ சஸ்பென்ஷனிலோ கோளாறு வந்து, இந்த டயர்தான் காரணம் என்று நீங்கள் காட்டினால் அதையும் நானே ஏற்பேன். ஆனால் சார்ஜர் கெட்டது கார் போர்டிகோவில் நின்றிருந்த ராத்திரியில். சக்கரம் ஓர் அங்குலம்கூட உருளவில்லை.

இன்னொன்று. இந்த டயர்களோடு 2025 ஜனவரியிலும் ஜூனிலும் உங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே சர்வீஸ் செய்திருக்கிறேன். இரண்டு முறையும் வீல் அலைன்மெண்ட் பார்த்துப் பணம் வாங்கினீர்கள். ஜூன் மாத ஜாப் கார்டில் 'டயர் நிலை: நன்று' என்று உங்கள் ஆள் கைப்பட எழுதியிருக்கிறார். அப்போது யாரும் ஏற்காத டயர் என்று எச்சரிக்கவில்லை. உங்கள் வாரண்டிப் புத்தகமோ டயருக்குத் தாங்கள் பொறுப்பல்ல, டயர் நிறுவனத்தை அணுக வேண்டும் என்கிறது. டயர் கெட்டால் உங்களுடையது இல்லை. உங்களுடைய சார்ஜர் கெட்டால் மட்டும் டயர் உங்கள் விஷயமாகிவிடுகிறதா?

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள்மீது பிறப்பித்த உத்தரவை உங்கள் சட்டப் பிரிவு அறிந்திருக்கும். வெளி மெக்கானிக்குகளையும் உதிரி பாகங்களையும் பற்றிய வழக்கு அது, மேல்முறையீடுகளுக்கும் போனது. வெளியில் வேலை பார்த்ததற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்று அதில் ஆணையம் சொன்னது. நான் கேட்பதும் அதே நியாயம்தான்.

மூன்று வாரமாகப் பள்ளி விட்டு வரும் வழியில் ஃபாஸ்ட் சார்ஜரில் வரிசையில் நிற்கிறேன். யூனிட்டுக்கு 22 ரூபாய் கொடுக்கிறேன். வீடு சேர ஏழரை ஆகிறது. ஐந்தாவது படிக்கும் மகள் அதுவரை பக்கத்து வீட்டில் இருக்கிறாள்.

ஆன்போர்டு சார்ஜரை வாரண்டியில் மாற்றித் தாருங்கள். முடியாது என்றால், இந்த டயர் அந்தச் சார்ஜரை எப்படிக் கெடுத்தது என்பதைப் பரிசோதனை முடிவோடு உங்கள் பொறியாளர் கையெழுத்தில் தாருங்கள். சிஸ்டத்தில் அப்படித்தான் வரும் என்பது பதில் ஆகாது. என் காரின் பதிவில் ஏறியிருக்கும் அந்த வரியை நீக்க வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு பேட்டரிக்கும் அதையே காட்டுவார்கள், அதன் வாரண்டி இன்னும் ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிறது. வாங்கிய 1,770 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். மேலும், எந்தச் சுமைக் குறியீடு, எந்த வகை டயர் போடலாம் என்பதை எல்லா உரிமையாளர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இந்தக் காரை வாங்கிய அந்த இரண்டு ஆசிரியைகளுக்கும் அடுத்த வருடம் டயர் மாற்ற வேண்டியிருக்கும். என்ன போடுவது என்று என்னிடம்தான் கேட்கிறார்கள், என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பதினைந்து நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு செய்வேன்.

கார் வாங்கிய ரசீது, டயர் ரசீது, மூன்று ஜாப் கார்டுகள், நான்கு டயர்களின் பக்கச் சுவர் படங்கள், எலெக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த குறிப்பு ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் நேரில் வந்து பார்ப்பதானால் சனி, ஞாயிறு எந்த நேரமும் கார் வீட்டில் இருக்கும். மற்ற நாட்களில் மாலை ஏழரைக்குப் பிறகு வரலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, வண்டி எண் இணைப்பில்)