மலையக நூலகங்களுக்கு ஒரு பொதுப் பட்டியல்: உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய, ஊவா மாகாணங்களின் உள்ளூராட்சி ஆணையாளர்களுக்கும், மலையகத்தின் மாநகர, நகர, பிரதேச சபைகளின் முதல்வர்களுக்கும் தவிசாளர்களுக்கும், அச்சபைகளின் நூலகர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் சபைகளின் கீழ் இயங்கும் பொது நூலகங்களிலுள்ள தமிழ் நூல்கள் அனைத்தையும் ஒரே பட்டியலாக்கி, எந்த நூல் எந்த நூலகத்தில் இருக்கிறது என்பதைத் தோட்டத்திலிருந்தபடியே ஒருவர் கைத்தொலைபேசியில் தேடி அறிய வழிசெய்யுமாறு கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். இதற்கு வேண்டிய விபரங்களில் பெரும்பகுதி பிறருடைய உழைப்பினால் ஏற்கெனவே இணையத்தில் சேர்ந்திருக்கிறது. அதனை உங்கள் நூலகங்களின் சேர்வுப் பதிவேடுகளோடு (நூலகத்துக்கு வந்த நூல்களை வரிசையாகக் குறித்து வைக்கும் ஏடுகளோடு) இணைப்பதே எஞ்சியிருக்கும் வேலை.

இன்றைய நிலையில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தின் டிவிஷனில் வாழும் உயர்தர மாணவி, தன் பாடத்துக்கு வேண்டிய ஒரு நூல் அட்டன் நூலகத்தில் இருக்கிறதா என்று அறிய அங்கே போயே ஆக வேண்டும். நூல் அங்கே இல்லாவிட்டால் தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ இருக்குமா என்று சொல்ல அந்த நூலகரிடமும் வழியில்லை, ஏனெனில் ஒரு சபையின் பதிவேட்டை இன்னொரு சபையின் நூலகர் பார்க்க முடியாது. துணைக்கு வரும் தாய்க்கு அன்றைய பேர், அதாவது அந்நாள் வேலையும் கூலியும், போய்விடும், பஸ் கட்டணமும் போய்விடும். இப்படி ஓரிரு முறை வெறுங்கையோடு திரும்பிய பிள்ளை பிறகு நூலகத்துக்குப் போவதில்லை. மலையகப் பிள்ளைகளுக்கு வாசிப்பில் நாட்டமில்லை என்று கூறுவோர் இதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டப் பகுதிகளில் செலவிடுவதற்கு நீண்ட காலம் இடையூறாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. அக்காலப்பகுதியிலேயே நுவரெலியா, அம்பகமுவ சபைகள் பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, அக்கரபத்தனை, கொட்டகலை ஆகிய புதிய சபைகளும் தோன்றின. தெருவும் குடிநீரும் போலவே நூலக சேவையும் தோட்டத்துக்கு வந்து சேர வேண்டிய ஒன்று என்பதை நினைவூட்டவே இதைச் சொல்கிறேன்.

இனி, எங்கிருந்து எதைப் பெறலாம் என்பதைப் பார்ப்போம். ஒரு நூற்பதிப்பை அடையாளம் காட்டும் சர்வதேச இலக்கமான ஐ.எஸ்.பி.என். இலக்கத்தை இலங்கையில் வழங்குவது தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. 978-955 என்றோ 978-624 என்றோ தொடங்கும் எண் இலங்கைப் பதிப்பைக் குறிக்கும். அந்த எண் இருக்கும் நூலுக்கு, அதைக் கொண்டே தேசிய நூலகத்தின் பட்டியலிலோ, இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் ஓப்பன் லைப்ரரி என்னும் இணையப் பட்டியலிலோ தேடித் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு முதலியவற்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நமக்கு முக்கியமான நூல்கள் பலவற்றில் அந்த எண் கிடையாது. எழுதியவரே கைக்காசு போட்டு அச்சிட்ட கவிதைத் தொகுதிகள், தொழிற்சங்கச் சஞ்சிகைகள், பாடசாலை ஆண்டு மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள் ஆகியவற்றில்தான் மலையகத்தின் வரலாறு அதிகம் பதிவாகியிருக்கிறது. இவற்றுக்கு 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகமும், ஈழத்துத் தமிழ் நூல்களைத் தொகுதிக்கு ஆயிரம் என்ற கணக்கில் குறிப்புரையோடு பதிவுசெய்துவரும் என். செல்வராஜாவின் நூல்தேட்டமுமே தலையாய மூலங்கள். எண்ணிம நூலகத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனி எண், ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கம் என விபரங்கள் ஒழுங்காக இருக்கின்றன. வெளிநாட்டுத் தரவுத்தளங்களுக்கு முன்னதாக இவ்விரண்டையும் அணுகி, அனுமதி பெற்று, அவற்றின் பங்களிப்பைப் பட்டியலிலேயே குறிப்பிட்டுப் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இணைக்கும் வேலை எளிதானதன்று என்பதை மறைக்க விரும்பவில்லை. கணினியில் நூற்பட்டியல் வைத்திருக்கும் நூலகங்களில் கூட அது பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டிருந்தால், அதை ஒருங்குறிக்கு (யுனிகோடுக்கு) மாற்றாமல் எந்தத் தேடலிலும் அது சிக்காது. மாற்றிய பின்னும் தொல்லை தீராது. ‘கொ’ என்ற எழுத்தின் குறியைக் கணினி ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம்; கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டும் ஒழுங்குபடுத்தப்படாவிட்டால் தேடுபொறிக்கு வேறுவேறு. ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருப்பவர்கள் பலர். இவற்றையெல்லாம் சீர்செய்யும் நிரல்களை எழுதுவது இன்று கடினமன்று. ஆனால் சேர்க்கும் வேலைக்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆசிரியர் பெயர்கள். 1914இல் வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். ஒரு பதிவேட்டில் அவர் சி. வி., இன்னொன்றில் சீ. வீ.; ஆங்கில நூல்களில் அவர் பெயரின் எழுத்துக்கூட்டல் வேறு. மூன்றையும் மூன்று மனிதர்களாக எண்ணும் பட்டியலில் தேடும் மாணவருக்கு அவருடைய எழுத்தில் ஒரு பகுதி மட்டுமே அகப்படும். 2012இல் தொடங்கப்பட்ட விக்கித்தரவு என்னும் இணையத் தரவுத்தளம், ஒரு மனிதருக்கு ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து, பல மொழிகளில் அவருக்குள்ள பெயர் வடிவங்களையெல்லாம் அதன் கீழ் சேர்த்து வைக்கிறது. யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம், திருத்தலாம். நம் பட்டியல் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டால் பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் ஆள் ஒருவரே என்பது நிலைக்கும். அங்கே இடம்பெறாத மலையக எழுத்தாளர்களை நாமே சேர்த்துவிடலாம், அது உலகின் ஏனைய நூலகங்களுக்கும் பயன்படும். பொருட்பிரிவிலும் இதே குறை உண்டு. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்க நூலகங்கள் பின்பற்றும் டூயி பகுப்பில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811க்குள் அடங்கிவிடுவதால், தமிழகத்து நாவலும் தோட்டத்து நாவலும் ஒரே தட்டில் கலந்து நிற்கின்றன. மலையக இலக்கியம், தோட்டத் தொழிலாளர் வரலாறு, பிரஜாவுரிமை என்றெல்லாம் தேடக்கூடிய பொருட்தலைப்புகளை உங்கள் நூலகர்கள் கூடி ஒருமுறை முடிவுசெய்து தர வேண்டும்.

இயந்திரம் பொருத்திக் காட்டுவதை அப்படியே ஏற்கவும் கூடாது. ஒரே தலைப்பில் இருவர் எழுதியிருக்கலாம், இரண்டாம் பதிப்பு முதற்பதிப்பாகப் பதிவாகியிருக்கலாம். எண் இல்லாத நூலுக்குத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் பொருத்தத்தை முன்மொழியச் செய்து, நூலைக் கையிலெடுத்துப் பார்த்து உறுதிசெய்யும் பொறுப்பை நூலகரிடமே விட வேண்டும். வாசகர் யார், எதை இரவல் பெற்றார் என்ற விபரம் அந்தந்த நூலகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இவ்விடயத்தில் கவனத்தைக் கோருகிறது.

பட்டியல் உருவாகிவிட்டால், தேடிய நூல் இரவலில் போயிருந்தாலும் அதன் எண்ணிமப் பிரதி அனுமதியோடு இணையத்தில் இருந்தால் அங்கே வழிகாட்டலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தரவிறக்கத்துக்கு வைத்திருக்கும் பாடநூல்களையும் அதே தேடலில் சேர்க்கலாம். எந்த நூல்கள் தேடப்பட்டும் கிடைக்கவில்லை என்பது தெரியவருவதால், அடுத்த கொள்வனவும் வாசகரின் தேவையை ஒட்டியதாக அமையும். அட்டன் நூலகத்தின் நூலை மஸ்கெலியா வாசகர் தம் ஊர் நூலகத்தில் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கும் இதுவே அடித்தளம்.

சபைக்கொரு மென்பொருள் வாங்கிப் பணத்தைச் செலவிட வேண்டாம் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். நியூசிலாந்தில் உருவாகி 2000ஆம் ஆண்டில் வெளியான கோஹா என்னும் கட்டற்ற நூலக மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை; தமிழில் பதியலாம், தேடலாம், பல நூலகங்களை ஒரே நிறுவலில் கிளைகளாக வைத்துக்கொள்ளலாம். செலவு செய்ய வேண்டியது பட்டியலை இணையத்தில் வைத்திருக்கும் ஒரு வழங்கிக்கும் (சேர்வர்), அதைப் பராமரிப்பவரின் சம்பளத்துக்கும், நூலகர்களின் பயிற்சிக்கும்தான். மாகாண மட்டத்தில் இதைப் பகிர்ந்துகொண்டால் எந்தச் சிறிய சபைக்கும் பாரமாகாது.

ஆகவே, அடுத்த சபை அமர்வில் இதைப் பிரேரணையாக எடுத்துக்கொள்ளுமாறு ஒவ்வொரு தவிசாளரையும் கேட்டுக்கொள்கிறேன். முழு நூலகத்தையும் ஒரே நேரத்தில் தொட வேண்டியதில்லை. தமிழ்ப் பகுதியின் சேர்வுப் பதிவேட்டை மட்டும், வாசகர் விபரங்கள் எதுவுமின்றி, படமெடுத்துத் தட்டச்சுச் செய்ய முதலில் அனுமதியுங்கள். அனுமதி கிடைத்தால் தட்டச்சுக்கும் சரிபார்ப்புக்கும் உதவ ஆசிரியர்களையும் பல்கலைக்கழக மாணவர்களையும் திரட்டும் பொறுப்பை நானும் ஏற்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓர் ஆசிரியர்,
அட்டன்.