செவலையைப் பற்றி உனக்கு எழுத வேண்டியது

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசியதிலிருந்தே எழுதணும் எழுதணும் என்று இருக்கிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் வாட்ஸ்அப்பில் உட்கார்ந்து தட்டுகிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் முதலில் தூங்கு, அப்புறம் இதைப் படி. தூக்கம் கெட்டால் மனுஷனுக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நிற்கும்.

2021 நவம்பரில் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது நம் திண்ணையில் ஒதுங்கிய நாய்க்குட்டி, கறுப்பி, உனக்கு ஞாபகம் இருக்கும். பிறகு பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காதில் அடையாளத்துக்குச் சின்னதாக வெட்டி, திரும்ப இதே தெருவில் கொண்டுவந்து விட்டார்கள். இதுவரை ஒருத்தரையும் கடித்ததில்லை. போன வாரம் தெருக்கோடி வீட்டுப் பையன் அது படுத்திருக்கும்போது கொதிக்கிற கஞ்சியை முதுகில் ஊற்றிவிட்டான். அது கத்திய கத்தல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அம்மா மஞ்சளை எடுத்து ஓடினாள், நல்லவேளை உன் தங்கச்சி தடுத்து, குழாய்த் தண்ணீரை நிறைய ஊற்றச் சொன்னாள். ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். மஞ்சள், எண்ணெய் எதையும் பூசாமல் கொண்டுவந்ததே நல்லது என்று டாக்டரும் சொன்னார். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருக்கிறது. ஊசி போடும்போதுகூடக் கறுப்பி என் மடியில்தான் தலையை வைத்திருந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராக அந்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். வாயில்லா ஜீவனை வதைத்தால் தண்டனை என்று 1960லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றேன். (அந்தச் சட்டத்தில் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதானாம், தங்கச்சி அப்புறம் பார்த்துச் சொன்னாள். ஒரு டீயும் பன்னும் வாங்குகிற காசு.) பையனுடைய அம்மா வெளியே வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "நீங்க செவலைய அடிச்சத நாங்க பாக்கலையாண்ணா?"

அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

உனக்கு அப்போது ஒன்பது வயசு. காலையில் தெருவில் தறிக்குப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தேன். செவலை நாய் எதையோ துரத்திக்கொண்டு பாவுக்குள் பாய்ந்துவிட்டது. இழையெல்லாம் அறுந்து சிக்கல், ரெண்டு நாள் வேலை போச்சு, நூலோ முதலாளியிடம் கடனில் வாங்கியது. கையில் கிடைத்த கட்டையால் அடித்தேன். ஒரு அடியோடு நிறுத்தியிருக்கலாம். பின்னங்கால் உடைகிற வரைக்கும் அடித்தேன். நீ பால் வாங்கிக்கொண்டு வந்து வாசல்படியில் நின்றிருந்தாய், தூக்குவாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. நீ அழவில்லை. அழுதிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்று பல நாள் நினைத்திருக்கிறேன், அதுவும் உன் தலையில் பழியைப் போடுகிற நினைப்புதான்.

மூன்றாம் நாள் செவலை நொண்டிக்கொண்டே வந்து என் காலடியில் படுத்து, அடித்த அதே கையை நக்கியது. சரி, மறந்துவிட்டது, முடிந்துபோச்சு என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அங்கேதான் தப்புப் பண்ணினேன். அது கேட்காமலே மன்னித்துவிட்டதால் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதே வரவில்லை. ஆனால் அது மறக்கவில்லை. அதற்கப்புறம் சாகிற வரைக்கும், கொடியில் துண்டை எடுக்க நான் கையைத் தூக்கினால் போதும், உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும். வாலை மட்டும் ஆட்டிக்கொண்டே இருக்கும். என்மேல் அதற்குப் பிரியம் இல்லாமல் இல்லை. பயமும் பிரியமும் ஒரே உடம்பில் இருந்தது.

அந்த வருஷம் பாட்டி ஊரில் பாரதம் நடந்தது. மத்தியானம் பிரசங்கியார், தருமர் பின்னாலேயே கடைசிவரை ஒரு நாய் போன கதையைச் சொன்னார், நாயை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம் என்றால் எனக்கு வேண்டாம் என்று தருமர் சொல்லிவிட்டாராம். நீ எல்லோர் முன்னாலும் எழுந்து, "தருமர் அந்த நாய அடிச்சிருக்காரா?" என்று கேட்டாய். கூட்டம் சிரித்தது. வீட்டுக்கு வந்து உன்னை அடித்தேன். அதுவும் ஞாபகம் இருக்கும் உனக்கு.

நம் தெருவில் முதன்முதலில் இன்ஜினியரிங் படித்தவன் நீ, இந்த மெத்தை வீடு நீ கட்டியது, எங்கே போனாலும் நான் அதைத்தான் சொல்கிறேன். அதே நீ மூன்று வருஷமாக நம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வரவில்லை. கேட்டால் லீவு இல்லை என்கிறாய். லீவு மட்டும்தான் காரணம் என்று நான் இனிமேல் நம்பப் போவதில்லை. அந்த அடிக்கு, அதற்கப்புறம் விழுந்த அடிக்கெல்லாம், என்னை மன்னித்துவிடு. உடனே முடியாது என்றால் வேண்டாம். நான் கேட்டது உனக்குத் தெரிந்தால் போதும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் சரிந்தபோது நிமிர்த்தி வைக்க நீ கையைத் தூக்கினாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் பையன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். நான் பார்த்தேன். மருமகளிடம் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை. அவள்மேல் கோபித்துக்கொள்ளாதே.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் முதலில் தூங்கு. பையன் விளையாடிக்கொண்டு சத்தம் போட்டால் எழுந்து வெளியே ஒரு நடை போய்விட்டு வா.

கறுப்பிக்கு மருந்து போடுகிற நேரம். வைகாசி ஒன்றாம் தேதி சிரசு, எல்லோரும் வாருங்கள். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றால் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பையனை மருமகளோடு முன்னாலேயே அனுப்பு, எத்தனை மணி ரயிலாக இருந்தாலும் நானே காட்பாடி ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொள்கிறேன்.

அப்பா
குடியாத்தம்