தொட்டால் பேசும் சுவர்: எங்கள் நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி வராந்தாவின் நீளச் சுவர் இப்போதெல்லாம் சும்மா இருப்பதே இல்லை. இடைவேளை மணி அடித்ததும் குழாய்கள் ஒலிக்கின்றன, ஓடுகள் படபடவென்று திரும்புகின்றன, இரண்டு பெரிய கிண்ணங்களுக்கு நடுவே ரகசியங்கள் போய்வருகின்றன. பெயர்ப்பலகை வைத்து அதில் என் பெயரைப் போடலாம் என்று சிலர் அன்போடு சொன்னீர்கள். அது நியாயமாகாது. நான் முதலில் போட்ட திட்டத்தில் பாதிகூட இன்று அந்தச் சுவரில் இல்லை. மீதியை மாற்றவைத்தது நீங்கள்தான்.

முதல் நன்றி இரவுக் காவலர் அண்ணாவுக்கு. மின்சாரம் கடத்தும் பெயின்ட்டால் பறவைகளை வரைந்து, சுவருக்குப் பின்னால் ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகையை வைத்து, தொட்டால் கூவும்படி முதலில் செய்திருந்தோம். விரல் பட்டதும் பெயின்ட்டின் மின்தேக்குதிறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், துளி மாறும், அந்த மாற்றத்தைப் பலகை கண்டுகொள்ளும். பகலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அண்ணா ஒரு கோடு போட்ட தாளைக் கொண்டுவந்து நீட்டினார். யாரும் தொடாமலே எந்தப் பறவை எத்தனை மணிக்குக் கூவியது என்று மூன்று இரவுகள் விழித்திருந்து எழுதியிருந்தார். பெரும்பாலும் விடியலுக்கு முன்னால், சுவரில் ஈரம் ஏறும் நேரம். ஈரத்தைத்தான் பலகை விரல் என்று எடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தாள் மட்டும் வராவிட்டால் நாங்கள் மென்பொருளில் பிழை தேடியே மாதங்களைக் கழித்திருப்போம். மின்சாரமே வேண்டாம், கையால் இயங்குவதே போதும் என்று அன்றுதான் முடிவெடுத்தோம்.

அப்புறம் குழாய்கள். அலுமினியக் குழாய்களை இரு நுனிகளிலும் திருகாணி போட்டு இறுக்கினோம். தட்டினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இயற்பியல் டீச்சர் ஒரு குழாயைக் கழற்றி, இரண்டு விரலால் ஒவ்வோர் இடமாகப் பிடித்துத் தட்டிக் காட்டினார். ஓர் இடத்துக்கு வந்ததும் அதே குழாய் மணிபோல நீண்டு ஒலித்தது. நுனியிலிருந்து மொத்த நீளத்தில் 22.4 சதவீதம் தள்ளி இருக்கும் கணு அது. குழாய் அதிரும்போது அந்த இடம் அசையாது, அதனால் அங்கே பிடித்தால் ஒலி சாகாது. 60 செ.மீ. குழாய் என்றால் 13.4 செ.மீ. தள்ளிக் கயிறு கட்ட வேண்டும். ஒரு ஸ்தாயி மேலே, அதாவது கீழ் ‘ஸ’விலிருந்து மேல் ‘ஸ’வுக்குப் போகக் குழாயைப் பாதியாக வெட்ட வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மாறுவதால் 42.4 செ.மீ. வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். வெட்டி, அரம் போட்டுத் தேய்த்து, சுருதி பார்த்ததும் அவர்களேதான்.

வெல்டிங் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது? 96 ஓடுகளையும் சட்டத்தில் மாட்டி முடித்த அன்று, காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து இரண்டு ஓடுகளுக்கு நடுவே விட்டார். உள்ளே போனது. “பிள்ளைங்க விரலும் போகும், சார்” என்றார். விளையாட்டுக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 1176-ம் இதையேதான் சொல்கிறது: 8 மி.மீ. முதல் 25 மி.மீ. வரையிலான இடுக்குகள் விரலைப் பிடித்துக்கொள்ளக்கூடியவை. எங்கள் இடுக்கு 12 மி.மீ. இரண்டு விடுமுறை நாள்களில் எல்லா அச்சுகளையும் மாற்றி 6 மி.மீட்டருக்குக் கொண்டுவந்தார். தனிக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

ஓடுகளின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். திருப்பித் திருப்பிப் படம் செய்யலாம். திறப்பதற்கு முன் பார்வையற்ற மாணவி ஒருத்தி வந்து, முதல் வரிசையைக் கடைசிவரை தடவிப் பார்த்துவிட்டு, “எனக்கு எல்லாமே ஒரே ஓடுதான்” என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் மஞ்சள் பக்கத்தை எல்லாம் மணல் கலந்த பெயின்ட்டால் மறுபடி பூசினோம். நீலம் வழுவழுப்பு, மஞ்சள் சொரசொரப்பு. போன வாரம் அவள் ஒரு மீன் செய்திருந்தாள். செதில் எல்லாம் சொரசொரப்பு, கண் மட்டும் வழுவழு. நிறத்தால் யோசித்திருந்தால் எனக்கு அந்த மீன் வந்திருக்காது.

குசுகுசுக் கிண்ணங்களைக் கீழே இறக்கச் சொன்ன சக்கர நாற்காலித் தம்பிக்கும், துணி சிக்கும் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிய துப்புரவு அக்காவுக்கும், ‘சுவரைத் தொடாதீர்கள்’ பலகையைத் தன் கையாலேயே கழற்றிய தலைமை ஆசிரியருக்கும், சனிக்கிழமைகளில் தூரிகை பிடித்த பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி.

பெயர்ப்பலகை வேண்டாம் என்றேன் அல்லவா? கடைசி வரிசை ஓடுகளைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் எல்லோர் பெயரும் அங்கே எழுத்திலும் பிரெய்ல் புள்ளிகளிலும் இருக்கிறது. காவலர் அண்ணாவின் பெயருக்குப் பக்கத்தில், அந்த முதல் பறவைகளில் ஒன்றைப் பிள்ளைகள் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
சுவர்க் குழு சார்பில்,
உங்கள் ஓவிய ஆசிரியர்