இலத்திரனை எண்ணி அணுவெண் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மாணவர் பக்கத்தில் சாதாரண தர விஞ்ஞானக் குறிப்பு ஒன்றில் "அணுவெண் என்பது அணுவிலுள்ள இலத்திரன்களின் எண்ணிக்கை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அச்சுப் பிழையாக்கும் என்று விட்டுவிடலாம்தான், ஆனால் இங்கே ரியூசன் நோட்ஸிலும் இதே வரியைத்தான் பார்க்கிறேன், பிள்ளைகளும் அதை அப்படியே பாடமாக்கிக்கொண்டு திரிகிறார்கள்.

அணுவெண் என்பது கருவுக்குள் இருக்கிற புரோத்தன்களின் எண்ணிக்கை. ஏற்றமில்லாத அணுவில் மட்டும் இலத்திரன்களும் அதே அளவாக இருக்கும், குழப்பம் வருவது அதனால்தான். ஆனையிறவு உப்பையே எடுங்கள். சோடியத்தின் அணுவெண் 11, குளோரீனுக்கு 17. ஆனால் உப்பிலுள்ள சோடியம் அயனில் 10 இலத்திரன், குளோரைட்டு அயனில் 18. இலத்திரனை எண்ணித்தான் அணுவெண் சொல்வதென்றால் நாங்கள் கறிக்குப் போடுவது உப்பில்லை, அணுவெண் 10 உள்ள நேயன் வாயுவும் 18 உள்ள ஆகன் வாயுவும்! எங்கள் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற கல்சியம் அயனிலும் 18 இலத்திரன்தான், புரோத்தன் 20 என்பதால்தான் அது கல்சியம்.

இதைக் கண்டுபிடித்த கதையும் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டியது. ஆவர்த்தன அட்டவணையில் மூலகங்களை அணுத்திணிவின் வரிசையில் அடுக்கினால் பொற்றாசியம் (39.10) ஆகனுக்கு (39.95) முன்னால் வந்து, சடத்துவ வாயுக்களோடு போய் உட்கார்ந்துவிடும். 1913இல் மோஸ்லி என்ற இளைஞர் மூலகங்கள் வெளிவிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்து, அதன் வர்க்கமூலம் மூலகத்துக்கு மூலகம் ஒழுங்காக ஏறிப்போவதைக் காட்டினார், அதற்குப் பிறகுதான் வரிசையை முடிவுசெய்வது திணிவு இல்லை, கருவின் ஏற்றம் என்பது உறுதியானது. 1915இல் கலிப்பொலி போர்முனையில் அவர் செத்துப்போனார், வயது 27. போர் யாரையெல்லாம் தின்னும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சரி, சாதாரண தரத்தில் இந்தத் தவறான வரியை வைத்துக்கொண்டே ஓரளவு புள்ளி எடுத்துவிடலாம். உயர்தரத்தில் மாட்டுப்படுவார்கள். இரும்பின் அணுவெண் 26, அதன் நிலையமைப்பு, அதாவது இலத்திரன்கள் உபசக்தி மட்டங்களில் அமைந்திருக்கும் விதம், ஆகனின் 18 இலத்திரனுக்கு மேல் 3டி என்ற மட்டத்தில் 6, 4எஸ் என்ற மட்டத்தில் 2. மூன்று இலத்திரன் இழந்த இரும்பு அயனின் நிலையமைப்பை எழுதச் சொன்னால், பிள்ளை 23 இலத்திரன் என்று எண்ணி, 23 என்றால் வனேடியம்தானே என்று 3டியில் 3, 4எஸ்ஸில் 2 என்று நிரப்பிவிடும். பிழை! இரும்பு முதலில் இழப்பது 4எஸ்ஸில் உள்ள இரண்டையும், அப்புறம் 3டியிலிருந்து ஒன்றை, ஆகவே மிஞ்சுவது 3டியில் 5. கருவில் 26 புரோத்தன் இருந்து இழுக்கிறபோது உபசக்தி மட்டங்கள் 23 புரோத்தன் உள்ள கருவில் போல அமையாது. நிரப்பும்போது 4எஸ் முன்னால், இழக்கும்போதும் அதுவே முன்னால் என்பது பிள்ளைகளுக்கு விசித்திரமாகத்தான் இருக்கும், அதற்காக மறைக்க முடியுமா? பொற்றாசியத்தின் 19 இலத்திரன்களும் சக்தி மட்டங்களில் 2,8,9 என்று நிரம்பாமல் 2,8,8,1 என்று நிரம்புவது ஏன் என்று வகுப்பில் கேட்கிற பிள்ளையிடம் "அப்படித்தான், எழுது" என்று சொல்லி இருத்திவிடுகிறார்கள். 19ஆவது இலத்திரனுக்கு 3டியை விட 4எஸ் சக்தி குறைந்த இடம் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

தயவுசெய்து திருத்தம் ஒன்று போடுங்கள். முதல் 20 மூலகங்களின் அட்டவணையில் புரோத்தனுக்கு ஒரு நிரல், இலத்திரனுக்கு வேறொரு நிரல் கொடுத்து, கீழே சோடியம், மக்னீசியம், கல்சியம், குளோரைட்டு அயன்களையும் சேர்த்துவிடுங்கள். கலியாண மண்டப விளம்பரத்துக்கு அரைப்பக்கம் விடுகிற பத்திரிகையில் இது நாலு அங்குலம்கூடப் பிடிக்காது.

ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்,
யாழ்ப்பாணம்