கோப்பில் இருக்கும் எண்ணைப் படியுங்கள்: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வளரிளம் பருவத்தினருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

13 வயது நிறைந்த பிள்ளைகளுக்கு 130/80 என்ற அளவிலிருந்தே உயர் இரத்த அழுத்தம் தொடங்குகிறது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுவதையும், ஐரோப்பிய வழிகாட்டுதல் 16 வயதிலிருந்து 140/90 என்ற எல்லையை வைத்திருப்பதையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். எந்த அளவுகோலை ஏற்றாலும், குறித்துவைத்த எண்ணை ஒருவர் நின்று படித்தால்தான் அதனால் பயன் உண்டு. என் மகளின் கோப்பில் அதை யாரும் படிக்கவில்லை.

அவளுக்கு 15 வயது. தலைவலி என்று அழைத்துச் சென்றபோதெல்லாம் செவிலியர் அழுத்தம் பார்த்து எழுதினார். 136/86, 138/84, 142/90 என்று அடுத்தடுத்த பக்கங்களில் அந்த எண்கள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் எங்களுக்குக் கிடைத்த விளக்கம், தேர்வு பயம் என்பதுதான். மனதைத் திடப்படுத்திக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். நாளடைவில் அவள் தலைவலி வந்தாலும் எங்களிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். சொன்னால் கோழை என்று நினைப்பார்கள் என அஞ்சினாள். பிறகு வேறொரு மருத்துவர் பொறுமையாக அளந்து, 24 மணி நேரமும் அழுத்தத்தைப் பதியும் கருவியைக் கட்டி, ஸ்கேனும் எடுத்துப் பார்த்தபோது, சிறு வயதில் வந்த சிறுநீர்த் தொற்றுகள் ஒரு சிறுநீரகத்தில் விட்டுச்சென்ற தழும்பு தெரிந்தது. அழுத்தத்தை ஏற்றியது அந்தத் தழும்புதான். அந்தத் தொற்றுக் காய்ச்சல்களும் அதே கோப்பில்தான் எழுதப்பட்டிருந்தன.

பயத்தால் அழுத்தம் ஏறும் என்பதை நான் மறுக்கவில்லை. அப்படித்தான் ஏறியது என்றால், அதையும் சோதித்து உறுதிசெய்ய வேண்டும் அல்லவா? வெவ்வேறு நாட்களில் மூன்று முறை அளந்து பார்ப்பதும், தேவைப்பட்டால் 24 மணி நேரக் கருவியைக் கட்டுவதும் அதற்காகத்தானே வகுக்கப்பட்டிருக்கின்றன? அப்படிச் சோதிக்காமலே பயம் என்று முடிவுகட்டுவதை எந்த வழிகாட்டுதலும் ஏற்கவில்லை.

இதன் மறுபக்கத்தையும் நான் அறிவேன். கைக்குச் சிறிதான பட்டையைக் கட்டினால் எண் பொய்யாக உயரும். பெரிய பட்டையில் பொய்யாகக் குறையும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் மேற்கைச் சுற்றளவில் 40 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்ற விதி இருக்க, கைக்கு வந்த ஒரே பட்டையை மெலிந்த பிள்ளைக்கும் பருத்த பிள்ளைக்கும் கட்டுகிறார்கள். ஓடிவந்த பிள்ளையை மூச்சு வாங்கும்போதே அளக்கிறார்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி அமரவைத்து, வலது கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி அளப்பதற்குச் செலவாகும் நேரம் மிகக் குறைவு. எண் உயர்ந்திருந்தால் காலிலும் ஒருமுறை அளந்தால், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி குறுகியிருக்கிறதா என்ற ஐயமும் அங்கேயே எழும். தானியங்கிக் கருவி காட்டிய ஒற்றை எண்ணை நம்பி, நலமாக இருக்கும் பிள்ளைக்கு நோயாளி என்று பெயர் சூட்டுவதும் தவறுதான்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த துயரம் அன்று. உயர் அழுத்தம் பலமுறை பதிவாகியிருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மட்டுமே நோய் கண்டறிந்து எழுதப்பட்டிருந்தது என்று அமெரிக்காவில் 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பதின்பருவத்தினர் சொல்வதை நடிப்பு என்றும் சோம்பல் என்றும் தள்ளிவிடும் பழக்கம் வீட்டிலும் பள்ளியிலும் இருப்பது போதாதென்று, மருத்துவமனையிலும் தொடர்வதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. உடல் பருத்த பிள்ளை என்றால் எடையைக் குறைக்கச் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அப்பிள்ளையின் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பற்றி யாரும் கேட்பதில்லை.

கோபத்தில் சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். என் கோரிக்கை சிறியது. ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் பொருத்தமான பட்டையால் அளந்து, முந்தைய எண்களோடு ஒப்பிட்டுப் படியுங்கள். உயர்ந்திருந்தால் மீண்டும் அளக்க வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அந்த எண் என்ன என்பதைப் பிள்ளையிடமே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்